இனித்த கஷாயம்

இன்று மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நிலவேம்பு கொதிக்கும் வாடை வந்தது. ஒரு தும்மலுக்கே உயில் எழுதத் துடிக்கிற ஆள் நான். பத்து வயதிலும் அப்படித்தான். பினாங்கையே விஷக்காய்ச்சல் வாட்டிய அந்த வருடம், தங்கை வள்ளி படுத்துவிட்டாள். அவளுக்கு அம்மா கொடுத்தனுப்பிய நிலவேம்புக் கஷாயத்தை, கல்லுப்போல இருந்த நான் எனக்கும் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் குடித்துவிட்டு, அவளிடம் கருப்பட்டித் தண்ணீரை நீட்டினேன்.

“அம்மா, இன்னிக்கு இனிக்குதும்மா! இன்னுங்கொஞ்சம் குடு” என்றாள் வள்ளி.

விஷம் ஏறியவர் வாய்க்குத்தான் நிலவேம்பு இனிக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

“ஐயோ, தலைக்கேறிடுச்சே! இனி மருந்து எதுக்கு?” அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்துவிட்டு, அவளை மடியில் போட்டு அழுதாள்.

நான்தான் குடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அடி விழுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வள்ளி போன பிறகு அம்மா என்னை அடிக்கவே இல்லை.