மூடுபனியில் அம்மாவின் குரல்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று திண்டுக்கல் கடையொன்றில் காப்பிக்கொட்டை மூட்டையின் வாசனை பட்டதும் எங்கள் மலை நினைவுக்கு வந்தது. தாண்டிக்குடி மலையில், இன்று புதர் மூடிக் கிடக்கும் எங்கள் எஸ்டேட் ஊரில், பிற்பகலில் மூடுபனி இறங்கினால், காப்பிப்பழம் பறிக்கும் பெண்கள் தாங்கள் இருக்குமிடம் தெரிய ஒவ்வொருவராகக் கூவுவார்கள். வாசலில் நிற்கும் நான் அம்மாவின் குரலைக் கேட்டபிறகே மூச்சுவிடுவேன். பக்கத்தில் காட்டுமாடு நின்றால் மட்டும் கூவக்கூடாது, மிரண்டு முட்ட வரும். ஒருநாள் அம்மா கூவவில்லை.

"ஏன் தாயி அழுவுற? உங்கம்மா வாய் நெறைய வெத்தலையா இருக்கும்," என்று அடுத்த வீட்டு அத்தை சிரித்தார், ஆனால் அவர் கண் தோட்டத்துப் பாதையிலேயே இருந்தது. நெடுநேரம் கழித்து அம்மா கூடையில்லாமல், முழங்கைத் தோல் கிழிந்து வந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் என்னைக் கூட்டிவந்து, "இனி நீ வாசல்ல நின்னு பயப்பட வேணாம்," என்று மலையடிவாரத்துச் சேவுகம்பட்டியில் மாமா வீட்டில் விட்டுவிட்டு, மதிய பஸ்ஸில் அம்மா மலைக்குத் திரும்பினாள்.