பூனை கடித்த விரலும் கிணற்றில் போட்ட கத்தியும்

தொண்ணூறுகளின் நடுவில் ஆரியங்கோட்டுப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பால்வெட்டு வேலை, மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. எங்கள் பூனை, வெட்டு முடிந்து வருகிறவரின் மடியில்தான் ஏறிப் படுக்கும். லுங்கியில் சிந்தியிருக்கும் ரப்பர் பால் அதன் மயிரில் ஒட்டிச் சடை பிடித்துவிடும். அவரும் சளைக்காமல் தேங்காயெண்ணெய் தொட்டு இளக்கி, பழைய சீப்பால் சீவிவிடுவார். எனக்கு ஒரு நாளாவது தலை சீவிவிட்டிருப்பாரா? அது வேறு கதை.

ஒரு சாயங்காலம் கழுத்துப் பக்கம் சீவும்போது, மயிருக்கு அடியில் பாதி ஆறிய பல் தடம் தெரிந்தது. ஏதோ நாய் கடித்த காயம். சீப்பு அதில் படக்கூட இல்லை; எப்போதும் கண்ணை மூடிக் கிடக்கும் பூனை அவர் பெருவிரலைக் கவ்வி, விடாமல் கடித்தது.

வெட்டுக்காரர் கையில் காயம் புதிதா? வேலியோரம் நின்ற கம்யூனிஸ்ட் பச்சைச் செடியின் இலையைக் கசக்கி விரலில் பிழிந்தார். கத்தி பட்டாலும் கல் பட்டாலும் எங்கள் ஊரில் அந்த இலைதான் மருந்து. ரத்தம் நின்றது.

மறுநாள் காலை பூனை விறகுக்கட்டுக்குள் பதுங்கிக்கொண்டது. மீன் தலையைக் காட்டியும் வரவில்லை. வாயில் எச்சில் நூலாக வழிந்தது. வெறிநாய்க்கு இப்படித்தான் வழியும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாருங்க" என்றேன்.

"எட்டி, பூச்ச கடிச்சு எவனாவது செத்திருக்கானா? தொப்புளைச் சுத்தி ஊசி போடுவான். வெட்டு இல்லாத நாளு பாத்து போறேன்."

மழை பெய்தால்தான் வெட்டு இருக்காது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கெஞ்சினேன், அழுதேன். மனுஷன் அசையவில்லை. வந்த ஆத்திரத்தில், அவர் தீட்டி வைத்திருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்துக் கிணற்றில் எறிந்தேன். "இப்போ வெட்டு இல்லல்லா? கெளம்புங்க!"

பஸ்ஸில் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் விரலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவைத்து, முதல் ஊசியைப் போட்டார்கள். வெளியே வந்தால், வராந்தாவில் ஒரு ஆளை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். மனைவி நீட்டிய தண்ணீரைக் கண்டதுமே அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. பூவார் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். நாய் கடித்து ஒரு மாதம் ஆகியிருந்ததாம்.

அந்தப் பெண் என் கணவரின் விரலைப் பார்த்தாள். "எப்போ கடிச்சுது?"

"நேத்தாக்கும்" என்றேன்.

"நானும் அன்னைக்கே சொன்னேன் மக்கா. பச்சிலை வெச்சாச்சு, கடலுக்குப் போவாத நாளு பாத்து போவோம்னாரு."

திரும்பும்போது என் கணவர் ஊசிச் சீட்டில் அடுத்த தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் பூனை விறகுக்கட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. சீப்பையும் சேர்த்துப் புதைத்தோம். மிச்ச ஊசிகளுக்கு நான் சொல்லாமலே போனார், பிழைத்தார்.

"உன் தைரியம்தான் அவரைக் காப்பாத்திச்சு" என்று இன்றும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்குப் பெருமையே வருவதில்லை. அவளும் என்னைப்போலத்தான் கெஞ்சியிருப்பாள். கிணற்றில் எறிய எனக்கு ஒரு கத்தி இருந்தது, கடலை அவள் எங்கே தூக்கி எறிவாள்?