ஜெயந்தி அக்கா போட்ட பத்துப் பதிவுகள்

நம் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது போன் அம்மாவின் கையில் இருந்தது. வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நம்மோடு படித்த சோழவந்தான் ஜெயந்தி அக்கா நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். முன்னறையில் அண்ணன் இருந்தான். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ முடிந்தது.

நம்மில் யாரும் அக்காவை நேரில் பார்த்ததில்லை. வலைப்பக்கம் வடிவமைக்கும் இந்த இணையவழிப் படிப்பில், வாரக் கடைசியில் கற்றதைப் பற்றி ஆளுக்கொரு பதிவு எழுதுகிறோம். அதை வாசித்துக் கருத்துச் சொல்ல ஓர் இணை உண்டு. எனக்கு இணை அவர்தான். கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருந்தார். பஸ்ஸில் வரும்போது என் பதிவை வாசிப்பார்.

"பாடம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எல்லாரையும் போல நானும் எழுதினேன். கீழே அக்கா ஒரே வரி போட்டார்: "இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?" அடுத்த வாரம் பயந்துகொண்டே, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதினேன். "இப்பத்தான் ஆளு தெரியுது. எனக்கும் அந்த இடம் புரியல" என்றார்.

அந்தத் தைரியத்தில் ஒரு மாலை, என் பதிவு ஏன் தாமதமானது என்பதை உள்ளபடி எழுதிவிட்டேன். நீங்கள் அறிந்த முத்துலட்சுமி நான் இல்லை. அது என் அம்மாவின் பெயர். நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறேன். போனைத் தொட்டாலே அண்ணன் அடிப்பான். இந்தப் படிப்பு தெரிந்தால் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடுவான். எழுதி முடித்து, 'இணைக்கு மட்டும்' என்பதற்குப் பதிலாக 'அனைவருக்கும்' என்பதை அழுத்திவிட்டேன். நம் குழுவில் அண்ணனுடைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். போட்டதை நாமே அழிக்கவும் முடியாது. பொறுப்பாளர் மறுநாள்தான் பார்ப்பார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டார். அம்மாதான் எடுத்தாள்.

"முத்துலட்சுமிக்கா, பிள்ளைய அழ வேணாம்னு சொல்லுங்க. முதல் பக்கத்துல பத்துப் பதிவுதான் நிக்கும். நான் பத்துப் போட்டு அதை உள்ள தள்ளிட்டு வாரேன்."

அன்று அவர் என்னென்னவோ எழுதினார். பஸ்ஸில் வெற்றிலைக் கூடைக்குச் சீட்டுப் பிடிக்கும் ஆள், ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார முடியாமல் நடப்பவர்கள், சென்டர் ஏசியின் குளிர். நீங்கள் எல்லாரும் கேலி செய்தீர்கள்.

"ஜெயந்திக்கா, இன்னைக்கு ஸ்கேன் எடுக்க ஆளே வரலையா?"

"எங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கக்கா."

"இம்புட்டு நாள் கழிச்சு இன்னைக்குத்தான்ப்பா எனக்கு எழுத வந்திருக்கு. பொறுத்துக்கங்க" என்றார் அக்கா. மறுநாள் பொறுப்பாளரிடம் பேசி என் பதிவை நீக்க வைத்தவரும் அவரே.

இப்போது உங்கள் அஞ்சலிகளில் பலரும் அந்த மாலையைத்தான் சொல்கிறீர்கள். வெள்ளந்தி, எதை எங்கே எழுதுவது என்று தெரியாதவர் என்கிறீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அது உண்மையில்லை. எல்லாம் தெரிந்துதான் எழுதினார். அந்தக் காரணம் இனி அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இதை எழுதும்போது, முன்னறையில் அண்ணன் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதுறதா இருந்தா எம்பேர்ல எழுதாத. உம்பேர்லயே எழுது" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கவில்லை.

அண்ணனின் கூட்டாளியான அண்ணே, நீங்களும் இதை வாசிப்பீர்கள். அவனிடம் சொல்வதற்கு முன் அந்தப் பத்துப் பதிவுகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. இம்முறை நன்றாகப் பார்த்துத்தான் 'அனைவருக்கும்' என்பதை அழுத்துகிறேன். இதில் நான் இருக்கிறேன், அக்கா. என் பெயர் பாண்டிமீனா.