ஐந்து பிரதி ஐரோப்பா

விடுதி வரவேற்பு மேசையில் உட்காருகிறவர்களின் காதில் உலகத்துச் சங்கதி எல்லாம் விழும். எதுவுமே விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. யாங்கோனில், பபேடான் கடைத்தெருவுக்கு மேலே நாலாவது மாடியில் இருந்த ஒரு சின்ன விடுதியில் பதினைந்து வருஷம் அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். 2005 கோடையில் மட்டும் முகம் கொஞ்சம் கோணிப்போய்விட்டது. விருந்தாளிகள் பேசியது ஆங்கிலம், அலுவலகத்தார் பேசியது பர்மியம். இரண்டையும் என் வீட்டுத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதற்கு ஐந்து?

வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் பெயர், நாடு, வயது, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் கார்பன் தாள் வைத்து ஐந்து பிரதி எழுத வேண்டும். மாலை ஆறு மணிக்குள் வார்டு அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐந்தும் எங்கெங்கே போகின்றன என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. ஐந்தாவது பிரதியில் எழுத்தே தெரியாது, நீலமாக ஈ மொய்த்த மாதிரி இருக்கும். அதற்கும் முத்திரை விழும்.

அந்த ஏப்ரலில் வந்த டச்சுப் பையன் ஒருவன், நாலு மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள், நான் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவதைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்: "எங்க பக்கம் இருபத்தஞ்சு நாட்டுக்கும் சேர்த்து ஒரே அரசியல் சட்டம் வேணுமான்னு ஜனங்களைக் கேக்கப் போறாங்க. அதுக்கே ஆளுக்கு ஒரு தாள்தான் மேடம். நான் ஒரு ராத்திரி தூங்குறதுக்கு அஞ்சா?"

மொட்டை மாடிச் சண்டை

காலை டிபன் மொட்டை மாடியில். ரொட்டி, முட்டை, வாழைப்பழம், டீ. அந்த வாரம் தங்கியிருந்ததெல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு ஐரோப்பியப் பிள்ளைகள். ரொட்டி தீர்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள், அந்தச் சட்டத்தைப் பற்றியே சண்டை. எங்கள் ஊரில் அரசியல் சட்டம் என்ற வார்த்தையை டீக்கடையில் சொன்னால் பக்கத்து முக்காலி காலியாகிவிடும். எங்களுக்கும் ஒரு சட்டம் எங்கேயோ ஒரு மண்டபத்தில் பல வருஷமாக எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதி முடித்துவிட்டார்களா என்று கேட்கிற தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. இதுகளோ எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி கத்துகின்றன. நான் ஓடிப்போய் முருகன் பாட்டு கேசட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இதுகள் பாட்டுக்கும் மேலே கத்தத் தொடங்கின.

டீ ஊற்றுகிற சாக்கில் கேட்டதில் எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பிரான்சிலிருந்து வந்த கிளேர், சட்டப் புத்தகம் தலையணை கனம் இருக்கிறது, பணக்காரர்களுக்காக எழுதியது, ஊருக்குப் போய் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடப் போகிறேன் என்றாள். ஸ்பெயின்காரி 'வேண்டும்' என்று பிப்ரவரியிலேயே போட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கிறாள். புத்தகத்தை இரண்டு பேருமே படிக்கவில்லை. முழுக்கப் படித்திருந்தவன் ஒரு ஜெர்மன்காரன் மட்டும்தான். அவன் நாட்டில் ஜனங்களைக் கேட்கப் போவதே இல்லையாம். ஓட்டு இருக்கிறவர்கள் படிக்கவில்லை, படித்தவனுக்கு ஓட்டு இல்லை. அப்புறம் நீ ஏனப்பா இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னான்: "கத்துறது ஒண்ணுதான் எனக்கு மிச்சம் மேடம்!"

கல்யாணியின் அட்டை

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் தாத்தா கப்பல்துறை வேலைக்கு வந்தவர். அப்பா பிறந்தது இங்கே, நான் பிறந்தது இங்கே. ஆனாலும் முழுக் குடியுரிமைக்காரர்களுக்கு ரோஜா நிற அட்டை, எனக்கு நீலம். என் மகள் கல்யாணி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள்; இங்கே அதோடு பள்ளி முடிந்து காலேஜ்தான். அவளுக்காவது ரோஜா அட்டை கிடைத்தால் காலேஜ் ஃபாரத்தைத் தலைநிமிர்ந்து பூர்த்தி செய்யலாம். அதற்கு முதலில் வார்டு அலுவலகத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அதை எழுத வேண்டியவர், தினமும் என்னிடம் ஐந்து பிரதி வாங்குகிற அதே குமாஸ்தா கோ மியின்.

நல்ல மனிதர்தான். கையை நீட்டி வாங்கியதில்லை, முகம் சுளித்ததில்லை. என் பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைக்கு ஒரு 'மா' சேர்த்து, நாலு மாசமாக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபாரங்களில் முத்திரை குத்தி முடித்து, நான் வாயைத் திறப்பதற்குள், தலை நிமிராமலே சொல்லிவிடுவார்: "மனெப்பியன், மா தேவி. நாளைக்குப் பார்ப்போம்."

பன்னிரண்டாவது பெயர்

கிளேருக்கு ஒரு யோசனை தோன்றியது. விடுதியில் இருக்கிற எல்லாருடைய அபிப்பிராயத்தையும் எழுதி வாங்கி, தன் கல்லூரிப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். தாள் கேட்டாள். கார்பன் கோணலாக விழுந்து வீணான ஃபாரம் ஒன்றைக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். பெயர், நாடு, வயது, வேண்டும் அல்லது வேண்டாம், ஏன்? பதினோரு பேர் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். கடைசியில் என் மேசைக்கு வந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பத்தாறு வயசு வரைக்கும் சட்டம் பற்றி என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. "எனக்கு ஒரே குழப்பமா இருக்கும்மா. இருபத்தஞ்சு நாடும் ஒண்ணாச் சேர்ந்தா, தாத்தா காலத்துல வந்தவங்க பேரப்பிள்ளைக்கு என்ன கலர் அட்டை குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பெயர் தேவி, நாடு மியான்மர், குழப்பம். பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இதை எங்க பதினோரு பேர்ல ஒருத்தர்கூட யோசிக்கல மேடம்."

டிபன் பிடிக்கவில்லை

மத்தியானம் வெளியே போகும்போது கிளேர் அந்தத் தாளை என் மேசைத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாலையில் நான், பெயரும் நாடும் வயதும் கையெழுத்தும் இருக்கிற எந்தத் தாளையும் கை தானாகச் சேர்த்துக் கட்டுகிற பழக்கத்தில், கட்டோடு அதையும் கோ மியின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பி நாலு மாடி ஏறிய பிறகு கிளேர் தாளைக் கேட்டாள். சட்டம் பற்றிய அபிப்பிராயம், கையெழுத்தோடு, என் பெயரோடு, கல்யாணியின் கடிதத்தை எழுத வேண்டியவர் கையில்! இறங்கி ஓடினேன். செருப்பு ஒன்று இரண்டாவது மாடியிலேயே தங்கிவிட்டது.

கோ மியின் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். "இந்த யெஸ், நோ எல்லாம் என்ன?" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "காலை டிபன் வேணுமா, வேண்டாமான்னு." விரலை வைத்து மெதுவாக வாசித்தார். "பிரான்சுப் பொண்ணு வேண்டாங்குது. பணக்காரங்களுக்காகப் பண்ணினதாம். உங்க டிபன் அவ்வளவு உசத்தியா?" விரல் கடைசி வரிசைக்கு வந்தது. அங்கே நின்றது. "நீங்களும் இருக்கீங்க. டிபனுக்கு அட்டை கலர் எதுக்கு?" கல்யாணியின் காலேஜ் அந்த மேசையிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "ஒரு பிரதிதானே இருக்கு, மீதி நாலு எங்க? நாளைக்கு அஞ்சு பிரதி எழுதிக் கொண்டாங்க. திரும்ப எழுதும்போது தப்பு இல்லாம எழுதுங்க."

செக்-அவுட்

காலையில் கார்பன் வைத்து உட்கார்ந்தேன். ஐரோப்பாவின் எதிர்காலத்தை ஐந்து பிரதி எடுத்த பெண்மணி இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யெஸ், நோ, காரணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெயர், நாடு, வயது மட்டும் எழுதினேன். பதினோரு பெயர் எழுதி முடித்ததும் பேனா நின்றது. பன்னிரண்டாவதை எழுதவில்லை. கல்யாணிக்காகத்தான். இருந்தும், என் பெயரை நானே விழுங்குகிறேனே என்று வெட்கமாக இருந்தது. மூலத்தாளைக் கிளேரிடமே கொடுத்துவிட்டேன்.

கோ மியின் ஐந்து பிரதியையும் எண்ணி, பெயர்களையும் எண்ணினார். "நேத்துப் பன்னெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் குறையுதே?" நான் நாலு மாசமாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய அவர் முத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "செக்-அவுட் ஆயிட்டாங்க" என்றேன். அவர் ஐந்திலும் முத்திரை குத்தினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து வைத்தார். கல்யாணியின் சிபாரிசுக் கடிதம். அது எப்போது எழுதியது, முதலிலேயே எழுதி வைத்திருந்தாரா, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்ததா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "செக்-அவுட் ஆனவங்களை நான் தேடுறதில்ல, மா தேவி. பொண்ணை நல்லாப் படிக்க வைங்க."

யார் ஜெயித்தது?

மழைக்காலத்தில் வேறொரு பயணி கையில் கிளேர் ஒரு தபால் அட்டை கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் நாட்டில் 'வேண்டாம்' ஜெயித்துவிட்டது. அந்த டச்சுப் பையன் நாட்டிலும் அப்படியே. ஜெயித்த பிள்ளை துள்ளிக் குதித்து எழுதியிருப்பாள் என்று பார்த்தால், எழுத்தெல்லாம் சோர்ந்து கிடந்தது. எதை வேண்டாம் என்று சொன்னோம் என்பதில் ஜெயித்தவர்களுக்குள்ளேயே சண்டையாம், அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லையாம். கடைசி வரி இது: "அந்தத் தாளில் என் பெயரை மேலே அடித்துவிட்டு, உங்கள் பெயருக்குக் கீழே 'குழப்பம்' என்று எழுதிக்கொண்டேன் மேடம்."

ஒரு கட்டம் குறைவு

மூன்று வருஷம் கழித்து எங்கள் சட்டமும் எழுதி முடிந்து ஓட்டுக்கு வந்தது. பெரிய புயல் அடித்த மாதம் அது. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, குழாயில் தண்ணீர் இல்லை. நீல அட்டையோடு நானும், ரோஜா அட்டையோடு கல்யாணியும் வரிசையில் நின்றோம். அவள் அப்போது ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபாக்டரி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். சட்டப் புத்தகத்தை நாங்கள் இருவருமே படிக்கவில்லை. அந்த விஷயத்தில் நாங்களும் ஐரோப்பியர்களாகிவிட்டோம்.

தாளைக் கையில் வாங்கியதும் என்னையறியாமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெறும் வெள்ளை. போட வேண்டியதைப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது கல்யாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அம்மாவைப் பர்மியர் மாதிரி மேமே என்றுதான் கூப்பிடுவது. என்ன போட்டீர்கள் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு: "வேணுமா வேண்டாமான்னு மட்டும்தான் இருந்துச்சு மேமே. ஏன்னு எழுத இடமே இல்லியே?"

'ஏன்' என்று கேட்டு என் பதிலை எழுதிக்கொண்ட ஒரே தாள் பிரான்சில் ஏதோ ஒரு இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இங்கே இருந்த ஐந்து பிரதியிலிருந்தும் என்னைச் செக்-அவுட் செய்தவள் நானேதான்.