கயல்விழியின் வெள்ளைக் கொத்து

சுதர்ஷினியின் மகள் கயல்விழி பிறக்கும்போதே முன்னுச்சியில் ஒரு கொத்து வெள்ளை முடி இருந்தது. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையே அவளைக் "கிரகணப் புள்ள" என்று கூப்பிட்டது. சுதர்ஷினி வயிற்றில் பிள்ளையோடு கிரகண நேரத்தில் வாசலுக்கு வந்து கொடியில் கிடந்த துணியை எடுத்தாளாம். அதுதான் குற்றம். துணியை எடுக்க வேறு ஒருவரும் வரவில்லை என்பதை யாரும் பேசமாட்டார்கள்.

மாமியார் பெரியாயி பேத்தியைக் கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே கொண்டுபோக விட்டதில்லை. "மொட்டை போட்டாச் சரியாப் போகும். இல்லாட்டி கருப்பா மொளைக்கிற வரைக்கும் வருஷா வருஷம் போடுவோம்," என்றார்.

சுதர்ஷினி தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பொறுமையாகச் சொல்லித்தான் பார்த்தாள்.

"வயித்துல புள்ள வளரும்போது, நெறம் குடுக்கப் போற கலமெல்லாம் முதுகுப் பக்கமிருந்து நெத்திக்கு வந்து சேரணும் அத்தை. ஒவ்வொரு கலத்து மேலயும் காது மாதிரி ஒரு புரதம் இருக்கு. வாங்கின்னு சொல்லுவோம். 'பொழைச்சுக்க, அங்க போ, நெறமா மாறு'ன்னு ஒடம்பு குடுக்கிற சேதிய அதுதான் வாங்குது. அது பழுதானா கலங்க நெத்தி வரைக்கும் வந்து சேராது. கிரகணத்துக்கு இதுல என்ன வேலை?"

"படிச்ச திமிரு," என்று பெரியாயி எழுந்து போய்விட்டார்.

திமிர்தான், இல்லாமல் பின்னே? ஆனால் சுதர்ஷினியின் மனதை அரித்தது வேறு. அவள் தலையிலும் அதே வெள்ளை உண்டு. கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் அம்மா பூசிவிட்ட சாயத்தை இன்றுவரை அவளே பூசி வருகிறாள். புருஷன் சதீஸ்குமாருக்கு மட்டும் தெரியும். வாயை மூடிக்கொண்டால் அவள் தப்பிப்பாள். மகளோ காலமெல்லாம் மொட்டைத் தலையோடு பழி சுமப்பாள்.

பிள்ளைக்கு மொட்டை போடும் நாளில் கோயிலில் சொந்தமெல்லாம் கூடியது. முடியிறக்குபவர் கத்தியைத் தீட்டினார். சுதர்ஷினி பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, தானே பலகையில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல எனக்குப் போடுங்க."

சாயமேறிய முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. முன்னுச்சியில் தோல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது, மகளுக்கு இருந்த அதே இடத்தில்.

பெரியாயி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இது... எப்ப வந்துச்சு?"

"பொறக்கும்போதே. எங்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போயிருக்கு அத்தை. இனி நான் சாயம் பூச மாட்டேன். அவ தலையில கத்தியும் படாது."

மொட்டைத் தலையோடு எழுந்தவள், பிள்ளையின் தொப்பியைக் கழற்றி, கீழே கிடந்த தன் முடிமேல் எறிந்தாள்.