கேட்டால் மட்டும் பேசலாம்

ஹார்ஸ்பி ஊரில் பாதிப் பேரை எனிட் ஓல்ராய்ட் அம்மாள் ஒரு தடவையாவது பெயிலாக்கியிருக்கிறார். ஓட்டுநர் தேர்வு நடத்தும் உத்தியோகம். பாதிரியாருக்குக்கூடத் தயவு காட்டவில்லை. "கண்ணாடியைப் பாத்துட்டுக் கிளம்புங்க" என்ற அவர் குரல் கேட்டாலே ஊருக்குக் கை நடுங்கும்.

ஓய்வு பெற்றதும் அவரை நகர மன்றத்தின் நெறி ஆலோசகராக உட்கார வைத்தார் தலைவர் ரோலண்ட் பிக்கர்ஸ். உறுப்பினர்கள் தப்புச் செய்தால் நியாயம் சொல்லும் சுதந்திரமான பதவி. அப்படியொரு சுதந்திரம்! ஆளைப் போடுவது தலைவர். எந்தப் புகாரை விசாரிக்கலாம் என்பதும் தலைவர் இஷ்டம். கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் தாராளமாக வந்தன.

கூட்டத்தில் குறட்டை விட்ட உறுப்பினரை எனிட் கண்டித்தார். மன்றம் மெச்சியது.

அப்புறம்தான் புல்வெளி விவகாரம் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் பந்து உருட்டி விளையாடும் பொது இடம். மன்றம் அதை விற்கப் போகிறது. வாங்குவது பிக்கர்ஸின் மருமகன் என்று புகார்.

"ரோலண்ட், இதை நான் விசாரிக்கணும்."

"நானே விசாரிச்சுட்டேன், எனிட். என்மேல தப்பே இல்ல. அதோட உங்க வீட்டுக்காரர் அங்கதானே விளையாடுறாரு? நீங்க தலையிட்டா நடுநிலை என்னாகுறது?" பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார் பிக்கர்ஸ்.

எனிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்குத் தானே மார்க் போட்டு லைசென்ஸ் வாங்கிய ஆளை அவர் பார்த்ததே இல்லை.

வீட்டில் கணவர் ஸ்டான்லி பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன, காவல் நாய்க்கு பிஸ்கட் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"தின்னியா?"

"ரெண்டு."

சொல்லும்போதே எனிட்டுக்கு அவமானமாக இருந்தது. அன்றே ராஜினாமா எழுதினார்.

விற்பனை முடிவாக வேண்டிய கூட்டத்தில் பிக்கர்ஸ் அவருக்குப் பூச்செண்டு கொடுத்தார். "இவங்க ராஜினாமா பண்ண முடிஞ்சதே நம்ம மன்றத்துல எவ்வளவு சுதந்திரம்னு காட்டுது!" கைதட்டல். புது ஆலோசகர் பிக்கர்ஸோடு கோல்ஃப் ஆடுபவர்.

ஓட்டெடுப்புக்கு முன் ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பது வழக்கம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பழக்கதோஷத்தில், "கேள்வி ஏதாவது?" என்றார் பிக்கர்ஸ்.

பூச்செண்டோடு பார்வையாளர் வரிசையில் எனிட் எழுந்தார்.

"எனிட், நீங்க..."

"இத்தன நாளா கேட்டாத்தான் பேசலாம்னீங்க. இப்ப நான் வெறும் ஊர்க்காரி. நான் கேக்குறேன், நீங்க பேசுங்க. புல்வெளிய வாங்குறது யாரு? உங்களுக்கு என்ன உறவு?"

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார். பிக்கர்ஸ் தண்ணீர் தம்ளரைத் தேடினார்.

"அவசரமில்ல, ரோலண்ட்," என்றார் எனிட். "கண்ணாடியைப் பாத்துட்டுக் கிளம்புங்க."