எடுத்து வைக்கச் சொன்ன ஞாயிறு

“வாத்தியாரே, நீங்க சொன்னது எடுத்து வைக்கவா, எழுதி வைக்கவா?”

சிராங்கூன் சாலையில் காதர் பாய் என்னிடம் கேட்டது இது. சிங்கப்பூரில் என்ன பார்க்கலாம் என்று வாசகர்கள் கேட்கும்போதெல்லாம் முதலில் இதுதான் நினைவுக்கு வருகிறது. உடனே முகம் சுடுகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாத விடுமுறை. அப்போது நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர். மனைவியின் அண்ணன் அந்தோணியின் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், என்று போயிருந்தேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பிடோக் தேவாலயத்தில் பூசை.

அன்று காலையில் சிராங்கூன் சாலையில் அந்தோணி வேலை பார்த்த, காதர் பாயின் சரக்குக் கம்பெனிக்கு இருவரும் கிளம்பினோம். பேருந்தில் முக்கால் மணி நேரம், எண்பது காசு. கேலாங் கிடங்கின் கணினித் திரைகளையும் பிரிண்டரையும் ஒரே தொலைபேசிக் கம்பியில் அலுவலகத்தோடு சேர்க்கும் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. அதை இயக்கும் ஃபர்ம்வேர் ஒரு சிப்பில் இருக்கும். புதுச் சிப் போட்டதிலிருந்து கிடங்கு பிரிண்டர் பாதியில் நின்றது. திங்கள் காலைக்குள் பழைய சிப்பைத் திரும்பப் போட வேண்டும், எந்தத் திரைக்கு என்ன வேகம் என்பது போன்ற அமைப்புகள் கலையாமல். சமையல்காரரை மாற்றுவது மாதிரிதான். ஆள் மாறலாம், வீட்டில் யாருக்கு எவ்வளவு காரம் என்பது மறந்துபோகக் கூடாது.

ஜன்னலோரம் பழைய சிப்பின் வளைந்த கால்களை நிமிர்த்திக்கொண்டே, “மச்சான், மெமரியில இருக்கிறத முதல்ல எடுத்து வச்சிருங்க” என்றேன். காகிதத்தில் அச்சடித்து வைக்கத்தான் சொன்னேன்.

“எடுத்து வச்சிட்டேன் மாப்ளே.”

சிப்பை மாற்றினோம். பெட்டி எழுந்தது, அமைப்பு ஒன்றுகூட இல்லை. அந்தோணி மேசை இழுப்பறையைத் திறந்து, பெட்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த நினைவக அட்டையை எடுத்துக் காட்டினார். “பத்திரமாத்தானே வச்சிருக்கேன் லா!”

பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியை விட்டுப் பிரிந்தால் அந்த அட்டை எல்லாவற்றையும் மறந்துவிடும். அப்போதுதான் காதர் பாய் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு சிரித்தார். “பாடம் நடத்துறவரு பேச்சே இப்படின்னா, பிள்ளைங்க என்ன பாடுபட்டிருக்கும்!”

“தப்பு என்னோடது பாய்” என்றேன். அந்தோணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கிடங்குத் திரைகள் தங்கள் வேக அமைப்பைத் தாங்களே காட்டும். எனவே கேலாங் வரை நாலு கிலோமீட்டர் போய், ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு, திரும்பி வந்து அட்டையைச் செருகித் தட்டச்சு செய்தோம். பிரிண்டர் ஓடியது. அப்போது மணி நாலே முக்கால்.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் டாக்சி பிடிக்க நினைக்காதீர்கள். விடுமுறை நாளில் அங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் சாலை வரை நிற்கும். ஜாலான் புசார் வரை நடந்துதான் எங்களுக்குக் கிடைத்தது.

கோயில் வாசலில் நாங்கள் இறங்கியபோது வெள்ளை உடையில் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மகள் ஓடிவந்தாள்.

“அப்பா, நான் நன்மை வாங்கினத பாத்தீங்களா?”

“பாத்தேன்மா” என்றார் அந்தோணி. நான் செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

எந்தப் பெட்டியிலும் ஃபர்ம்வேரை ஏற்றும் முன்போ இறக்கும் முன்போ, உடன் இருப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: “இப்போது என்ன செய்யப் போகிறீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.”